வாடிய மலரும் வாடாத வாய்மையும்

மலரைப் பறிப்பவர் பலர். இறைவனுக்குச் சூட்டப் பறிப்பவர் உண்டு. மங்கையர் கூந்தலுக்குப் பறிப்பவர் உண்டு. மணப்பந்தலுக்கும், மறைந்தவர்க்குச் சாத்தும் மாலைக்கும் பறிப்பவர் உண்டு. இவர்கள் அனைவரும் மலரின் அழகையோ மணத்தையோ நாடுபவர். சான்று சொல்வதற்காகவே ஒரு மலரைப் பறிப்பவரும் உலகில் உளர் என்பதைப் பலர் அறியார். 'இன்ன நாளில், இன்ன மலையில், இவ்வளவு உயரத்தில் இம்மலர் மலர்ந்து நின்றது. யான் கண்டேன்' என்று பின்வரும் தலைமுறைக்குச் சொல்வதற்காக அவர் பறிக்கிறார். அம்மலர் மணம் இழந்து, நிறம் இழந்து, ஒரு தாளில் ஒட்டப்பெற்று, நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் சான்று சொல்லிக்கொண்டு கிடக்கிறது. அம்மலரைப் பற்றியும், அதன் அருகே எழுதப்பெறும் நான்கு வரிகளைப் பற்றியும், எழுதுவோன்மீது அவ்வரிகள் சுமத்தும் கடமையைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிஞ்ச்வட்டில் வாழும் நமக்கு மலை தொலைவில் இல்லை. காலையில் லோணாவளா செல்லும் லோக்கல் ரயிலில் ஏறி அமர்ந்தால், ஆகுர்டி, தேஹு ரோடு, தளேகாவ், காம்ஷேட் என நிலையங்கள் கழியக் கழிய, ஆலைகள் மறைந்து சஹ்யாத்திரியின் சரிவுகள் கண்ணுக்குப் புலனாகும். அச்சரிவுகளில் ஆள் உயரத்திற்கு அடர்ந்து நிற்கும் ஒரு புதர்ச்செடியை இந்நாட்டு மக்கள் 'கார்வி' என்று வழங்குவர். அதன் கழிகளை வரிசையாக நிறுத்திக் கட்டி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, வீட்டுச் சுவராக்கி வாழ்வது மலைவாழ் மக்களின் வழக்கம். ஆண்டுதோறும் தழைத்தும் பூவாது நிற்கும் இச்செடி, ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மலைச்சரிவு முழுவதும் ஒருசேர ஊதாநிறமாய்ப் பூக்கும், காய்க்கும், விதையைச் சிந்திவிட்டு மடியும். மும்பையை அடுத்த போரிவலிக் காட்டில் 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கார்வி இவ்வாறு மலர்ந்தது. எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் அது மலர்வதில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு கணக்கு உண்டு.

கார்வியைக் காணும் தமிழர்க்கு உள்ளம் ஒரு கணம் திடுக்கிடும். ஏனெனின் அது நம் குறிஞ்சியின் உடன்பிறப்பு. இரண்டும் 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' எனும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. அப்பேரினத்திற்கு அப்பெயரைச் சூட்டியவர் புளூமே எனும் தாவர அறிஞர், ஆண்டு 1826. குறிஞ்சியையும் கார்வியையும் அறிவியல் உலகிற்கு முதன்முதல் விவரித்து எழுதியவர் நீஸ் எனும் ஜெர்மானிய அறிஞர், ஆண்டு 1832. ஆசியா முழுதும் பரவியுள்ள இப்பேரினத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன என்பர். அவற்றுள் பல, ஆண்டுகள் பல காத்திருந்து ஒருமுறை மட்டும் பூத்து மடிபவை. கார்வி காத்திருப்பது ஏழெட்டு ஆண்டு என்றால், பழனி மலையிலும் நீலகிரியிலும் மூணாற்றிலும் குறிஞ்சி காத்திருப்பது பன்னிரண்டு ஆண்டு. பழனி மலையடிவாரத்துச் சிற்றூரில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இம்மராத்திய மண்ணிற்கு வந்த நாம், 2018இல் விடுப்பில் ஊர் சென்றபோது கொடைக்கானலில் குறிஞ்சியைக் கண்டோம். 2024இல் போரிவலியில் கார்வியைக் கண்டோம். தாய்வழி உறவினரை வேற்றூர்ச் சந்தையில் கண்டாற்போன்ற மகிழ்ச்சி அது.

குறிஞ்சியைப் பாடிய பெருமை நம் புலவர்க்கு உண்டு. மலையும் மலைசார்ந்த நிலமும் அம்மலரின் பெயரையே பெற்றன. அதன் தேனைக் குறுந்தொகை பாடிற்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்தினார் என்று நாம் பள்ளியில் படித்தோம். எனினும் அம்மலர் இன்ன ஆண்டில் இன்ன மலையில் பூத்தது என்ற செய்தியை அப்பாடல்களில் தேடினால் கிடைக்காது. அது புலவர் குற்றமன்று. அது அவர் தொழிலும் அன்று. மலைவாழ் மக்களாகிய பளியர் தம் வயதைக் குறிஞ்சி பூத்த முறைகளால் எண்ணுவர் என்பர்; அவர் நினைவில் கணக்கு இருந்தது, ஏட்டில் இல்லை. 1838, 1850, 1862 என்று தொடங்கி 1982, 1994, 2006, 2018 வரை குறிஞ்சி பூத்த ஆண்டுகளை நாம் இன்று வரிசையாகச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ சிலர் கண்டபோது கண்டபடி தேதியிட்டு எழுதி வைத்தார்கள் என்பதே காரணம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வதை ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஐந்தாறு முறைதான் காண இயலும். அத்தகைய உண்மையைத் தனியொருவன் அறிய முடியாது. தலைமுறைகள் கைகோத்துத்தான் அறிய முடியும். அவ்வாறு கைகோக்கும் இடமே பதிவு.

நிற்க. இப்பதிவுகள் உறையும் இல்லங்களுக்கு 'ஹெர்பேரியம்' என்று பெயர். உலர்தாவரக் காப்பகம் என்று தமிழில் கூறலாம். பொட்டானிகல் சர்வே ஆஃப் இந்தியா எனும் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1890ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. விடுதலைக்குப் பின் அது சீரமைக்கப்பெற்றபோது, 1955இல் அதன் மேற்கு வட்டம் புணே நகரிலும், தெற்கு வட்டம் கோவையிலும் அமைந்தன. மும்பை தூய சேவியர் கல்லூரியில் பிளாட்டர் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் இத்தொண்டையே செய்துவருகின்றன. புணே ரயில் நிலையத்திற்கு அணித்தே கோரேகாவ் சாலையில் உள்ள காப்பகத்தை, அனுமதி பெற்று, ஒரு விடுப்பு நாளில் நாம் காணச் சென்றோம். எழுத்தர் ஒருவருக்குத் தாவரவியலில் என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. இரும்பு அலமாரிகள் வரிசையாய் நின்றன. அலமாரி தோறும் உறைகள். உறை தோறும் தாள்கள். ஓர் அரசாங்க ஆவண அறைக்குள் நுழைந்த உணர்வே நமக்கு ஏற்பட்டது. வேறுபாடு ஒன்றே: அங்கு மனிதரின் மனுக்கள் அடுக்கப்பட்டிருக்கும், இங்கு மலைகளின் சாட்சியம் அடுக்கப்பட்டிருந்தது.

தாள் எவ்வாறு உருவாகிறது என்பதை அங்கிருந்த பணியாளர் பொறுமையோடு விளக்கினார். காட்டில் வெட்டிய கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பி, இரு மரச்சட்டங்களின் நடுவே வைத்து, வாரால் இறுகக் கட்டுவர். ஈரம் உறிஞ்சிய தாள்களை அன்றாடம் மாற்றுவர். மழைக்காலமாயின் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. உலர்ந்த பின் பூச்சி அரிக்காதிருக்க நச்சுக் கரைசலில் தோய்ப்பது முன்னாளைய வழக்கம். பிறகு சற்றேறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டியும் தைத்தும் பொருத்துவர். வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பெறும். அதில் செடியின் பெயர், குடும்பம், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவை இருக்கும். மலரின் நிறத்தையும் குறித்திருப்பர். ஏனெனில் நிறம் உலரும்போது போய்விடும். 'ஊதா' என்று சேகரித்தவர் எழுதாவிட்டால், பழுப்பேறிய அவ்விதழைக் கண்டு எவரும் ஊதாவை அறிய முடியாது.

நமக்கு ஒரு கார்வித் தாளைக் காட்டினார்கள். மலர்க்கதிர் சருகாய், தேயிலைத் தூளின் நிறத்தில் இருந்தது. போரிவலியில் நாம் கண்ட மலைச்சரிவு நினைவுக்கு வந்தது. நாம் கேட்டோம்: "ஐயா, எட்டாண்டு காத்திருந்து வாழ்வில் ஒரே முறை பூக்கும் செடியாயிற்றே! அது பூத்த அன்றே வந்து வெட்டுகிறோமே, இது பாவம் இல்லையா?" அவர் சிரித்துவிட்டு, "வெட்டியது பாவமா என்று எனக்குத் தெரியாது. வெட்டியபின் சீட்டை எழுதாமல் விட்டால் அதுதான் பாவம்" என்றார்.

அம்மொழி நம்மோடு சிஞ்ச்வட் வரை வந்தது. சீட்டில்லாத தாள் வெறும் வைக்கோல். எங்கே, எப்போது என்று அறியாத உலர்ந்த மலரால் எவர்க்கும் பயனில்லை. அது வீணே கொல்லப்பட்டதாகும். ஆகவே அச்சீட்டு அம்மலருக்குச் செலுத்தும் கடன். 'உன் ஒருநாள் மலர்ச்சியை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஈடாக, நீ இருந்தாய் என்பதை உள்ளபடி சொல்வேன்' என்ற ஒப்பந்தம் அதில் அடங்கியுள்ளது. அப்படியானால் சீட்டில் பொய் எழுதுபவன் இருமடங்கு குற்றவாளி. எடுத்ததும் குற்றம், ஈடு செலுத்தாததும் குற்றம்.

இவ்வாறு எண்ணுங்கால், நம் நெஞ்சில் நெடுநாள் உறங்கிய ஒரு நிகழ்ச்சி விழித்துக்கொண்டது. அதனை இங்குக் கூறாது மேற்செல்வது நேர்மையாகாது.

நாம் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம். நாம் அமர்ந்திருந்த பிரிவில் தபால் வரவுப் பதிவேடு நம் பொறுப்பு. வந்த கடிதத்தில் தேதி முத்திரை இட்டு, எண் கொடுத்து, உரிய இருக்கைக்கு அனுப்புதல் வேலை. ஒருநாள் கட்டொன்றின் அடியில் பிரிக்கப்படாத உறை ஒன்று கிடந்தது. கணவனை இழந்த ஒரு பெண் உதவித்தொகை கோரி அனுப்பிய விண்ணப்பம் அது. அஞ்சல் முத்திரையைப் பார்த்தால், கடைசித் தேதிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. நம் மேசையிலேயே பல நாள் கிடந்திருக்கிறது. கடைசித் தேதியோ கடந்துவிட்டது. அஞ்சி நடுங்கி மேலதிகாரியிடம் கொண்டுபோனோம். அவரும் தமிழர், நல்லவர், நம்மிடம் பரிவு கொண்டவர். "தம்பி, உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைய முத்திரையைக் குத்து. இல்லையென்றால் உனக்கு மெமோ, எனக்கு விளக்கம். அந்த அம்மாவுக்கு எப்படியும் கிடைக்கப் போவதில்லை. நூறு பேர் கேட்கிறார்கள், பத்துப் பேருக்குத்தான் கொடுப்பார்கள். யாருக்கும் தீங்கில்லாத பொய் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்" என்றார். "சரி, சார்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினோம்.

காலங்கடந்து வந்தமையால் பரிசீலிக்க இயலாது என்ற விடை உரிய முறையில் போயிற்று. சில மாதங்கள் கழித்து அப்பெண் நேரில் வந்தார். சண்டையிட வருகிறார் என்று நாம் அஞ்சினோம். அவர் சண்டையிடவில்லை. பதிவேட்டில் உள்ள தேதியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னர் மராத்தியில், "சாகேப், நான் முன்னதாகவே போட்டதாக நினைத்திருந்தேன். துக்கத்தில் நாள் மறந்திருப்பேன் போலும்" என்று தம்மையே நொந்துகொண்டு வெளியேறினார்.

அவர் இழந்தது பணம் மட்டும் அன்று. தாம் கண்டதைத் தாமே நம்பும் உரிமையையும் நாம் குத்திய முத்திரை பறித்துக்கொண்டது. மெய்யான நினைவு உடையவர் அவர். பொய்யான ஏடு உடையவர் நாம். ஏட்டின் முன் அவருடைய மெய் தலைகுனிந்து போயிற்று. எழுத்துக்கு மக்கள் தரும் மதிப்பு எத்துணைப் பெரிது என்பதையும், அம்மதிப்பைத் திருடுவது எத்துணை எளிது என்பதையும் அன்று அறிந்தோம். அறிந்தும் வாய் திறவாதிருந்தோம்.

மேலதிகாரி எடுத்துக்காட்டிய குறட்கருத்தைப் பின்னர்ப் பலகால் எண்ணியதுண்டு. வாய்மை எனும் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறியது உண்மையே. ஆயின் அவர் அதற்கு இட்ட வேலியை நாம் மறந்துவிடுகிறோம். விளைவது நன்மையாக இருத்தல் வேண்டும்; அந்நன்மை குற்றமற்றதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் அறிந்து சொல்லத்தக்கவன் யார்? நோயாளியின் எதிரே அமர்ந்து, 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் மருத்துவன் ஓரளவு அறிவான். கேட்பவன் முகம் அவனுக்குத் தெரியும். சொல்லின் விளைவை அவன் கண்காணிக்கலாம். தேவைப்பட்டால் மறுநாள் மாற்றிச் சொல்லலாம். பேச்சு கேட்போரோடு முடிகிறது.

எழுதி வைத்த பதிவோ அத்தகையதன்று. அதைப் படிக்கப்போகிறவர் யார், எந்நாட்டவர், எக்காலத்தவர், எதற்காகப் படிக்கப்போகிறார் என்று எழுதுபவனுக்குத் தெரியாது. அவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். முகம் அறியாதவர்க்கு விளையும் நன்மை தீமைகளை அளப்பது எங்ஙனம்? அளக்க இயலாதபோது, 'இதனால் தீங்கில்லை' என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. எனவே வள்ளுவர் தந்த அச்சலுகை பேச்சுக்கு ஒருகால் பொருந்தலாம். பதிவுக்குப் பொருந்தாது என்பதே நம் துணிபு. பதிவேட்டின் வாய்மை நாவின் வாய்மையினும் கடுமையானது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவார்க்கு, நம் மராட்டிய மாநிலத்தில் நிகழ்ந்த உண்மை ஒன்றைக் காட்டுவோம். இது மலரைப் பற்றியதன்று, பறவையைப் பற்றியது. ஆயினும் அருங்காட்சியகத்தில் பறவைத் தோலின் காலில் கட்டும் சீட்டும், மலர்த்தாளில் ஒட்டும் சீட்டும் ஒரே தொழிலுக்கு உரியவை. பிற்காலத்தில் காங்கிரஸ் பேரியக்கத்தைத் தோற்றுவித்த ஹியூம், பறவையியலிலும் வல்லவர். நடு இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிறு ஆந்தையை 1873இல் அவர் உலகிற்கு அறிவித்தார். 1884க்குப் பின் அதனை மெய்யாகக் கண்டு பிடித்தவர் எவருமில்லை. ஆனால் மைனர்ட்ஸ்ஹேகன் எனும் ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி, 1914இல் குஜராத்தில் தாம் ஒன்றைப் பிடித்ததாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். புகழ்பெற்றவர், படைத்துறைத் தலைவர், அவர் எழுத்தை ஐயுறுவார் யார்? அச்சீட்டை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.

அமெரிக்கப் பெண் அறிஞர் பமீலா ராஸ்முஸன் அப்பறவைத் தோலை நுணுகி ஆராய்ந்தார். அது டேவிட்சன் எனும் வேறொருவர் 19ஆம் நூற்றாண்டில் பிடித்துப் பதப்படுத்தியது. அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பெற்று, புதிதாய்த் திணித்துத் தைக்கப்பெற்று, பொய்ச் சீட்டுக் கட்டப்பெற்றது என்பது வெளியாயிற்று. பொய்யை விலக்கி, மெய்யான பழைய சீட்டுகள் சொன்ன நிலப்பகுதியில் அவரும் தோழர்களும் தேடினர். 1997 நவம்பரில், மராட்டியத்தின் வடகோடியில் ஷஹாதாவை அடுத்த சாத்புரா அடிவாரத்தில், நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகளாய்க் காணாதிருந்த அவ்வாந்தை பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் அமர்ந்திருந்தது. பொய்ச் சீட்டு மனிதர்களைத் தவறான காட்டுக்கு அனுப்பியது; மெய்ச் சீட்டு நூறாண்டு பொறுத்திருந்து சரியான காட்டுக்கு வழி காட்டியது. அச்சீட்டுகளை எழுதியவர்கள் யாவரும் மறைந்து போயினர். அவர்கள் எழுதியவை மட்டும் ஒன்று தீமையும் ஒன்று நன்மையும் செய்துகொண்டே இருந்தன.

இங்கு ஒரு தடை எழலாம். 'மனிதன் எழுதுவது பிழைபடாதிருக்குமா? பிழைக்கு அஞ்சினால் எவரும் எழுதவே முடியாதே?' என்பது அது. பிழை வேறு, பொய் வேறு. பிழையை நடத்தும் முறையிலும் ஹெர்பேரியம் நமக்கு ஆசானாக நிற்கிறது. 1944இல் பிரெமெகாம்ப் எனும் டச்சு அறிஞர், ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார். கார்விக்கு அதன் மராத்திப் பெயரையே தழுவிக் 'கார்வியா' என்று தனிப் பேரினம் அமைத்தார். பின்வந்தோர் அப்பிரிவினை பொருந்தாது எனக் கண்டு, பெரும்பாலும் பழைய ஒரே பேரினத்துள் மீண்டும் சேர்த்தனர். இத்துணை மாற்றங்களுக்கும் அந்தத் தாள் என்ன செய்தது? ஒவ்வொரு முறையும் புதிய பெயர் எழுதிய சிறு சீட்டு ஒன்று, பெயரிட்டவர் கையொப்பமும் ஆண்டும் தாங்கி, பழைய சீட்டின் பக்கத்தில் ஒட்டப்பெற்றது. பழைய சீட்டைக் கிழிப்பதில்லை; சுரண்டுவதில்லை; மேலே ஒட்டி மறைப்பதும் இல்லை. முன்னவர் இவ்வாறு எண்ணினார், பின்னவர் இவ்வாறு எண்ணினார் என்பது முழுவதும் அங்கே தெரியும்.

அலுவலகத்தில் நமக்குக் கற்பித்த முறையும் அதுவே அன்றோ? தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, அடியில் உள்ளது படிக்கத் தெரியுமாறு விட்டு, அருகில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். பிழையை ஒப்புக்கொள்ளும் இடம் பதிவிலேயே உண்டு. அவ்விடத்தைப் பயன்படுத்த அஞ்சுபவனே பொய்யனாகிறான். அன்று நாம், 'பெறப்பட்ட நாள் இது. எங்கள் கவனக்குறைவால் இன்று பதியப்படுகிறது' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் ஒரு மெமோ வந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் நேர்ந்திராது.

பதிவுகளில் பொய்யைக் காட்டிலும் நுட்பமான குறை ஒன்றும் உண்டு. அது விடுபடுதல். சீட்டில் சேகரித்தவர் பெயர் இருக்கும். அவருக்கு மலையில் வழி காட்டிய பழங்குடியாளர் பெயர் இராது. தாள்கட்டைச் சுமந்தவர் பெயரும் இராது. சென்னை மாகாணத்துச் செடிகளை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து படங்களோடு பெருநூல் வெளியிட்ட ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து எனும் இந்திய ஓவியர் இருவரைக் கொண்டே அப்படங்களை வரைவித்தார். 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்கு அவர் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அது வேறொரு பேரினத்துள் அடங்கிப்போனாலும், அப்பெயர் ஏட்டிலிருந்து அழியவில்லை. அவ்வாறு நன்றி பாராட்டப்பெற்றவர் சிலரே. பெயர் தெரியாது போனவர் பலர். உண்மையை எழுதுதல் என்பது, எழுதியது மெய்யாயிருத்தலோடு முடிவதில்லை. எழுதவேண்டியவரை விடாது எழுதுதலும் அதில் அடங்கும்.

பதிவைத் தனக்கே உரிமையாய்ப் பூட்டி வைப்பவனும் அதைக் காத்தவன் ஆகான். தாவர அறிஞர் ஒரே செடியிலிருந்து பல தாள்கள் செய்து, வேறு வேறு நாட்டுக் காப்பகங்களுக்கு அனுப்புவது வழக்கம். இரண்டாம் உலகப் போரில், 1943 மார்ச்சு மாதத்தில், பெர்லின் நகரத்து மாபெரும் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பகிர்ந்து அனுப்பிய படித்தாள்கள் மட்டும் அந்தந்த ஊர்களில் தப்பி நின்றன. வைத்துக்கொண்டவை எரிந்தன, கொடுத்தவை நிலைத்தன. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டில், உலர்தாவரத் தாள்களின் படங்களை எவரும் எங்கிருந்தும் கணிப்பொறியில் காணும் ஏற்பாட்டைத் தாவரவியல் ஆய்வுத் துறை தொடங்கியது. எந்தச் சிற்றூர் மாணவரும் இன்று அச்சீட்டுகளைப் படிக்கலாம். எனவே சீட்டின் மெய்க்கும் பொய்க்கும் சாட்சிகள் முன்னிலும் பெருகிவிட்டனர்.

'காய்ந்த பூவின் தேதியால் சோறு வருமா?' என்று கேட்பார்க்கும் விடை உண்டு. ஒரு மலையில் குறிஞ்சி இருந்தது என்பதற்கு இன்று அங்கே தேயிலைத் தோட்டமும் விடுதியுமே நிற்குமாயின், பழைய தாள் ஒன்றே சான்று. மலர் வழக்கத்திற்கு முந்திப் பூக்கிறதா பிந்திப் பூக்கிறதா என்று அறிய வேண்டுமாயின், முன்னாளைய தேதி ஒன்றே அளவுகோல். 2006இல் கேரள அரசு மூணாற்றை அடுத்துக் குறிஞ்சிக்கென ஒரு சரணாலயம் அறிவித்தது. இழந்தது இன்னதென்று தெரிந்தால்தான் எஞ்சியதைக் காக்க மனம் வரும். இழப்பின் கணக்கும் எழுதியவன் கையில்தான் இருக்கிறது.

நம் கணக்கு என்னவாயிற்று? அப்பெண்ணின் பெயர் நினைவிருக்கிறது, ஊர் நினைவில்லை. பின்னொரு நாள் மனம் தாளாது அக்கோப்பைத் தேடினோம். விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தமையால், பழைய பதிவேடுகளோடு அதுவும் அழிக்கப்பட்டுவிட்டது என்றனர். நாம் எழுதிய பொய்யும் அழிந்தது. அதைத் திருத்தும் இடமும் அழிந்தது. ஒட்டுவதற்குச் சீட்டு நம் கையில் இருக்கிறது. ஒட்டத் தாள் இல்லை. செய்த தவற்றுக்குத் தண்டனை பெறாதவனுக்கு இதுவே தண்டனை போலும். அதற்குப் பின் இந்நாள் வரை, நாம் இட்ட தேதி எதுவும் அந்த நாளின் தேதியாகவே இருந்துவருகிறது. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஓர் எழுத்தனின் ஊதியத்தில் இதுவும் அடக்கம்.

போரிவலியில் 2024இல் உதிர்ந்த விதைகள் முளைத்து வளரும். கணக்குப் பிசகாதாயின் 2032இல் அம்மலை மீண்டும் ஊதாநிறம் பூணும். அதற்கு ஈராண்டு முன்னர், 2030இல், நம் பழனி மலையில் குறிஞ்சி பூக்கும். அன்று யாரோ ஓர் இளைஞர் மலையேறிச் சென்று, ஒரு கிளையைத் தாளிடை வைத்து, இடமும் உயரமும் நிறமும் நாளும் எழுதுவார். அவர் எழுதுவதைப் படிக்கப்போகிறவரை அவர் காணப்போவதில்லை, நாமும் காணப்போவதில்லை. காணாத அவருக்காக உள்ளதை உள்ளவாறு எழுதுதல் வேண்டும். மலைமேல் எழுதுவார்க்கும், மேசைமேல் எழுதுவார்க்கும், நம் சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதுவார்க்கும் இஃது ஒன்றே அறம்.